சின்னத்திரைக்கு இளைஞர்கள் வேண்டாமா?

மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் நெடுந்தொடர்கள் இரவு பத்தரை வரை ஓய்வதில்லை. மாமியார் முகம், மருமகள் முகம், இடிபோல் பின்னணி இசை, உடனே விளம்பரம். இடைவேளை முடிந்ததும் மறுபடி அதே முகங்கள், அதே இசை. கல்லூரி விட்டு வீடு திரும்பும் பிள்ளை கூடத்தில் உட்காராமல் கைபேசியோடு அறைக்குள் போவதில் வியப்பென்ன? கைபேசிதான் இளைஞர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சேனல்கள் சொல்வது வசதியான பழி. தமிழ்த் தொலைக்காட்சி தன் இளம் பார்வையாளர்களைத் தானே வெளியே அனுப்பியது.

இதன் வேர் டிஆர்பி கணக்கில் இருக்கிறது. 2025 நிலவரப்படி, பார்வையாளர்களை அளக்கும் பார்க் அமைப்பின் மீட்டர்கள் இருந்தது ஏறத்தாழ 58,000 வீடுகளில். நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகளோ சுமார் 23 கோடி. ஸ்மார்ட் டிவி வழியாகவும் கைபேசிச் செயலிகளிலும் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை என்று 2025-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே சொன்னது. ஆகவே, மீட்டர் பொருத்திய வீட்டில் மாலை முழுக்க டிவி முன் யார் இருக்கிறாரோ அவருக்காகவே நிகழ்ச்சிகள் தயாராகின்றன. அவருக்குப் பிடித்த தொடரை இன்னும் நூறு நாள் இழுத்தால் டிஆர்பி புள்ளி நிற்கிறது. எழுந்து போனவரை அழைக்கப் புதிதாக ஒன்றை முயன்றால் புள்ளி சரிகிறது. எந்த நிர்வாகி துணிவார்?

அம்மாக்களும் பாட்டிகளும் தொடர் பார்ப்பதை நாம் குறை சொல்லவில்லை. நாளெல்லாம் உழைத்தவர்களுக்கு அந்த அரை மணி நேரம்தான் ஓய்வு. அவர்களை மட்டுமே நம்பி ஒரு தொழில் எத்தனை ஆண்டு ஓடும் என்பதே கேள்வி. 2022-ல் நடந்த ஐபிஎல் ஏலத்தில், 2023 முதல் 2027 வரையிலான தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி ரூபாய்க்குப் போனது. இந்தியாவுக்கான இணைய உரிமை 23,758 கோடி. பணம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அழைத்தால் இளைஞர்கள் வருகிறார்கள். 2019-ல் தொடங்கிய 'குக் வித் கோமாளி' சமையல் நிகழ்ச்சியை அவர்கள் தேடிப் பார்த்தார்கள். டிவியில் தவறவிட்டதை யூடியூபில் பார்த்தார்கள். 2006 முதல் வரும் 'நீயா நானா'வில் மைக் பிடித்துத் தன் பெற்றோரையே எதிர்த்துப் பேசும் பெண்ணின் துண்டுக் காட்சி இன்றும் கைபேசிகளில் சுற்றுகிறது. மனதில் பட்டதைப் பேச இடம் கொடுத்த நிகழ்ச்சிகளை அவர்கள் ஒதுக்கவில்லை.

பொழுதுபோக்கு எங்கே போனாலென்ன என்று விட்டுவிட முடியாது. பொழுதுபோக்கோடு செய்தியும் போய்விடுகிறது. தொலைக்காட்சிச் செய்திக்கு ஒரு முகவரி உண்டு. கேபிள் டிவி சட்டத்தின் கீழ் விதிகள் உண்டு. தவறு செய்தால் புகார் கொடுக்கலாம். புயல் நாளில் ஏரி உடைந்துவிட்டதென்று யாரோ எடுத்த பழைய காணொளி வாட்ஸ்அப்பில் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? இளைஞர்கள் தொலைக்காட்சிச் செய்தியிலிருந்து விலகியதில், செய்தி நேரத்தையே விவாதக் கூச்சலாக்கிய சேனல்களுக்கும் பங்குண்டு.

மீட்டர் கணக்கு எல்லாத் திரைகளையும் அளக்கும்படி மாற வேண்டும். அதை அமைச்சகம் இனியும் தள்ளிப்போடக் கூடாது. தனியார் சேனல்கள் வாரத்தில் ஒரு மாலையையாவது தொடர்களிடமிருந்து மீட்க வேண்டும். முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியது டிடி தமிழ். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் பிறந்து, வெள்ளிக்கிழமை திரைப்பாடல் நிகழ்ச்சியான 'ஒலியும் ஒளியும்' பார்க்கத் தெருவையே ஒரே வீட்டில் கூட்டிய நிலையம் அது. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரை டிடி தமிழ் என மாற்றி, புதுப் பொலிவு என்றார்கள். பெயர்ப்பலகை மட்டும் போதாது. பொதுப்பணத்தில் நடக்கும் நிலையம் டிஆர்பிக்கு அஞ்ச வேண்டியதில்லை. இரவு எட்டு மணியை இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் கொடுக்கட்டும். மாவட்டக் கபடியோ, குறும்படமோ, வேலையில்லாப் பட்டதாரிகளின் நேரடி விவாதமோ, என்ன செய்வதென்று அவர்களே முடிவு செய்யட்டும். அதிகாரிகள் குறுக்கே நிற்காமல் ஓராண்டு விட்டுவைக்கட்டும்.