உதைப்பதற்கு வலிமை வேண்டுமா?

ஒற்றை உருளையுடைய பழைய மோட்டார் சைக்கிளை முடுக்குவதற்குத் தடித்த காலும் முரட்டுத் துணிவும் வேண்டுமென எண்ணுவோர் நம் பழைய மாணவருள்ளும் பலர் உளர். அவ்வெண்ணம் பிழையானது மட்டுமன்று, எலும்பை முறிப்பதுமாகும். சில ஆண்டுகளுக்கு முன் எனது பீ.எஸ்.ஏ. பி 31 வண்டியை மருமகனிடம் கொடுத்தேன். இருபது வயது இளைஞன், ஆவேசத்தோடு உதைத்தான். உதைமிதி திருப்பி உதைத்தது. ஆறு வாரம் காலில் மாக்கட்டு. கைபிடியின் இடப்புறத்திலுள்ள சிறு நெம்பைப் பற்றி யான் அவனுக்கு ஒரு சொல்லேனும் சொல்லியிருக்கவில்லை. குற்றம் வண்டியினதுமன்று, அவனதுமன்று.

அந்நெம்பு, மின்பொறி விழும் வேளையை முற்படுத்தவும் பிற்படுத்தவும் அமைந்தது. வேகமாக ஓடும்போது, முசலம் உச்சியை அடைவதற்கு 30 பாகைக்கு மேல் முன்னதாகவே பொறி விழுதல் வேண்டும். வாயு எரிந்து முடிய நேரம் பிடிக்குமன்றோ! காலால் உதைக்கும்போதோ முசலம் மெல்லவே ஏறுகின்றது. அப்பொழுதும் பொறி முந்தி விழுமாயின், உச்சியை எட்டாத முசலத்தை வெடிப்பு கீழே தள்ளிவிடும். அத்தள்ளல் முழுவதும் உதைப்பவன் கணுக்காலிலே வந்து முடிகின்றது.

மக்னீற்றோவுக்கும் ஒரு குறையுண்டு. பற்றறியின்றித் தானே மின்னை ஆக்குவதாயினும், அது இயந்திரத்தின் பாதி வேகத்திலேயே சுழல்வது. மெல்லச் சுழன்றாற் பொறி மெலியும். ஆகவே தொடுமுனைகளின் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்காகப் பேணாதவர், வீணே வியர்வை சிந்துவர்.

முறை எளிது. நெம்பைப் பிற்படுத்தி, காபரேற்றரின் குமிழைப் பெற்றோல் சற்றுக் கசியும்வரை அழுத்தி, உதைமிதியை மெல்ல இறக்குதல் வேண்டும். ஓரிடத்திற் கால் தடைப்படும், அமுக்கம் அங்கேயுள்ளது. கழிவு வால்வைத் தூக்கும் பிடியை இழுத்து, முசலத்தை உச்சிக்குச் சற்று அப்பாற் கடத்திப் பிடியை விடுக. உதைமிதியை மேலே வரவிட்டு, முழங்காலைச் சற்று மடக்கியவாறு, அடிவரை ஒரே நீண்ட உதை. அடுத்த அமுக்கம் வருமுன் கனத்த சில்லு ஏறத்தாழ இரண்டு சுற்றுச் சுற்றி வேகம் பெற்றுவிடும். மெலிந்த பெண்ணும் இதனைச் செய்யலாம்.

1955 முதல் சென்னையிற் செய்யப்பட்ட புல்லட்டில், தொடுமுனையுள்ள பழைய வண்டிகளிலே அம்மீற்றர் ஊசி நடுவுக்குத் திரும்புவதைப் பார்த்து இவ்விடத்தை அறிவர். 1978 இல் வந்த யமஹா எஸ்.ஆர். 500 வண்டிக்கோ, உருளைத் தலையில் சிறு சாளரமே வைத்தனர். செய்தவர்களும் வலிமையை நம்பவில்லை!

மக்னீற்றோவைக் கழற்றிவிட்டு மின்னணுக் கருவி பூட்டும்படி நண்பர் பலர் கூறுகின்றனர். மெல்லச் சுழன்றாலும் நல்ல பொறி, தானே பிற்படும் வசதி: இவை மெய்யே. ஆனால் பற்றறி தளர்ந்தால், அவற்றுட் சிலவற்றிற் பொறி நேரந்தவறி விழும்; மீண்டும் அதே உதை. மேலும், 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் பெற்றோலும் பற்றறியும் அரியனவாயின. சில துளி பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய அந்நாளில், பற்றறியை வேண்டாத வண்டியின் அருமையை நாம் அறிந்தோம். யான் மாற்றப்போவதில்லை.

ஆனால் இத்தகைய வண்டியை விற்பவரும் இரவல் கொடுப்பவரும், அதனைச் செலுத்தப்போகிறவர் தம் கண்முன்னே மூன்று முறை முடுக்கிக் காட்டும்வரை கைவிடலாகாது என்பேன். மருமகன் இப்பொழுது இரண்டாம் உதைக்குள் முடுக்கிவிடுகின்றான். செருப்புக் காலோடு உதைக்காதே என்பதை மாத்திரம் இன்னும் நாடோறுஞ் சொல்ல வேண்டியிருக்கின்றது.