இயந்திரம் வந்துவிட்டது, ஏக்கர் எங்கே?

நவரை நெல் முற்றும் நாட்களில் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியும், வந்தவாசி, மதுராந்தகம் செல்லும் சாலைகளிலும் விளம்பரங்களுக்குக் குறைவிருக்காது. ‘நெல் அறுவடை இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும்’, ‘டிரோன் மூலம் மருந்து தெளித்துத் தரப்படும்’ என்று வண்டியின் படம் பெரிதாகவும், கைபேசி எண் அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். எந்தத் தேதியில் வண்டி வரும், எந்த ஊர்ப் பக்கம் நிற்கிறது, கூலி மணிக்கா ஏக்கருக்கா என்ற விவரம் எதிலும் இருக்காது. விவசாயி கேட்பதோ அந்த மூன்றை மட்டும்தான்.

இது பேனர் அடிப்பவரின் பிரச்சினை மட்டுமில்லை. மானியமும் வங்கிக் கடனுமாக இயந்திரம் வாங்கிய இளைஞருக்குப் பருவத்தில் சில வாரங்கள்தான் வேலை; தவணையோ ஆண்டு முழுவதும். அதே நேரத்தில், நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் வண்டி கிடைக்காமல் முற்றிய கதிரை வயலில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு மழை அடித்தால் பயிர் சாயும், மணி உதிரும். பிறகு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்புக்குள் வரவில்லை என்று களத்துமேட்டிலேயே நெல்லைக் காயவைக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டே நஷ்டப்படுகிறார்கள்.

நடவு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். இதில்தான் விளம்பரத்தின் தவறு பளிச்சென்று தெரியும். சேடை ஓட்டும் நாளில் ஊர் ஊராக நோட்டீஸ் கொடுப்பவர்களைப் பார்க்கிறோம். அன்றைக்கு எந்த விவசாயி விரும்பினாலும் அந்த இயந்திரத்தை அழைக்க முடியாது. இயந்திர நடவுக்குப் பாய் நாற்றங்காலில் வளர்ந்த 15 முதல் 18 நாள் நாற்று வேண்டும். அவரிடம் இருப்பதோ சாதாரண நாற்றங்காலில் 25 நாள் தாண்டிய, வேர் பின்னிய நாற்று. அதை இயந்திரத்தின் தட்டில் வைக்க முடியாது. ஆக, நடவு இயந்திரக்காரர் வாடிக்கையாளரைத் தேட வேண்டிய நாள் நடவு நாளுக்கு மூன்று வாரம் முன்பு, விதை ஊறப்போடுவதற்கும் முன்பு. பாய் நாற்றங்காலையும் தானே விட்டுத் தருகிறேன் என்று அப்போது சொல்பவருக்கு வேலை உறுதி. நடவன்று சொல்பவருக்கு, ‘அடுத்த போகம் பார்க்கலாம் தம்பி’ என்ற பதில்தான்.

அறுவடைக்கும் இதே கதைதான். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே வயல் தண்ணீரை வடித்தால் டயர் வண்டி இறங்கும். ஈரம் நின்றால் செயின் வண்டிதான் வேண்டும், அதற்கு வாடகை அதிகம். ‘இந்தத் தேதிக்கு வருகிறேன், இன்றே மடையைத் திறந்து விடுங்கள்’ என்று முன்கூட்டிச் சொல்லும் வண்டிக்காரர் விவசாயியின் செலவையே குறைத்துவிடுகிறார். அவருக்கு பேனர் தேவைப்படாது.

தரகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிமாவட்ட அறுவடை வண்டிகளை ஊருக்குள் கூட்டிவரும் தரகரை ஏச்சும் பேச்சுமாகத்தான் நினைவுகூர்கிறோம். கமிஷன் வாங்குகிறார், உண்மை. ஆனால் அவர் செய்கிற ஒரு காரியத்தை வண்டிக்காரர் செய்வதில்லை. முப்பது விவசாயிகளிடம் பேசி, ஒட்டினாற்போல உள்ள முப்பது நாற்பது ஏக்கரைச் சேர்த்து வைக்கிறார். வண்டியை லாரியில் ஏற்றி இறக்கும் செலவு ஒரு ஏக்கருக்கும் நாற்பது ஏக்கருக்கும் ஒன்றுதான். நைஜீரியாவில் 2014-ல் தொடங்கிய ‘ஹலோ டிராக்டர்’ என்ற நிறுவனம் செயலி மூலம் டிராக்டர் வாடகைக்கு விடுகிறது. அதுவும்கூட ஊருக்குள் முகவர்களை வைத்துச் சிறு விவசாயிகளின் தேவையை ஒன்றாகத் திரட்டித்தான் டிராக்டரை அனுப்புகிறது. தனி ஒருவரின் அரை ஏக்கருக்காக எந்த வண்டியும் கட்டுப்படியாகி ஓடாது. இந்தக் கணக்கு ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் பொது.

நம் பகுதிக்கு இந்தத் திரட்டல் எளிது. இது ஏரிப் பாசன நாடு. வயிரமேக தடாகம் என்று கல்வெட்டுகள் சொல்லும் உத்திரமேரூர் பெரிய ஏரியானாலும் சிற்றூரின் சின்ன ஏரியானாலும், ஒரு மதகின் கீழ் உள்ள வயல்களுக்குத் தண்ணீர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பாய்கிறது. நடவும் அறுவடையும் ஒரே வாரத்தில் வருகின்றன. ஆகவே விளம்பரத்தை மதகு வாரியாகச் செய்யுங்கள் என்பேன். பேருந்து நிலையத்தில் ஆயிரம் பேர் பார்ப்பதைவிட, ஒரு மதகின் இருபது நிலக்காரர்கள் ஏரிக்கரையில் பத்து நிமிடம் கேட்டால் போதும். நீர்ப்பாசனச் சங்கத்துக்காரரும் உரக்கடைக்காரரும் அந்த இருபது பேரின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அதில் முதல் வயலைச் சுத்தமாக அறுத்துக் கொடுத்தால் பக்கத்து வரப்புக்காரர் தானாக வருவார். மணி சிந்தினால் வரமாட்டார்.

கூலியில் வெளிப்படையாக இருப்பதும் விளம்பரம்தான். மணிக்கணக்கில் வாடகை பேசும்போது கோணல் மாணலான சிறு வயல்களில் வண்டி திரும்பவே நேரம் போகும். கடைசியில் ‘ஒன்றேகால் மணியா, ஒன்றரை மணியா’ என்று தகராறு. தொடங்கிய நேரம், முடித்த நேரம், அறுத்த பரப்பு மூன்றையும் எழுதி ஒரு சீட்டு கொடுக்கும் வண்டிக்காரர் எத்தனை பேர்? பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், இதே ஊரின் குடவோலைக் கல்வெட்டு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்களின் உறவினர்களையும் அடுத்த தேர்தலில் சேர்க்கக் கூடாது என்றது. கணக்குச் சீட்டு தராதவரை அடுத்த போகம் கூப்பிடாத விவசாயியும் அதே ஊர்க்காரர்தானே!

டிரோன்காரர்களிடம் எனக்குக் கொஞ்சம் கண்டிப்பான கருத்து உண்டு. ‘மருந்து பாதி போதும்’ என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். டிரோனில் குறைவது தண்ணீர். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை அடிக்கும் இடத்தில் டிரோனுக்குப் பத்து லிட்டர் அளவு போதும். ஆனால் ஏக்கருக்கான மருந்து அளவைப் பரிந்துரைக்குக் கீழே குறைத்தால் பூச்சி சாகாது, எதிர்ப்புத்தன்மைதான் வளரும். இன்னொன்று, புகையான் நெல் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்கு அருகே இருக்கும். மேலிருந்து விழும் துளி அங்கே போய்ச் சேர்ந்ததா என்பதை ஈரம் பட்டால் நீலமாக மாறும் மஞ்சள் தாளைத் தூரில் கட்டிவைத்துக் காட்டலாம். அந்தத் தாளை விவசாயியின் கையில் கொடுப்பவரை நான் நம்புவேன். ‘பத்து நிமிடத்தில் ஒரு ஏக்கர்’ என்பது டிரோன்காரருக்கு லாபம். விவசாயிக்கு வேண்டியது பூச்சி சாவது.

மத்திய அரசின் ‘நமோ டிரோன் தீதி’ திட்டம் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியத்தில் டிரோன் தருவதாக 2023-ல் அறிவிக்கப்பட்டது. பறக்கவிடப் பயிற்சியும் உண்டு. பறக்கவிட ஏக்கர் தேடும் பயிற்சியும் அதே அளவு வேண்டும். குழு உறுப்பினர்களின் குடும்ப நிலங்கள் எந்தெந்த மதகின் கீழ் வருகின்றன என்று ஒரு நோட்டில் எழுதினாலே முதல் வாடிக்கையாளர் பட்டியல் கையில் இருக்கும்.

2018-ல் வந்த உழவன் செயலியில் தனியார் அறுவடை இயந்திர உரிமையாளர்களின் பெயர், முகவரி, கைபேசி எண்ணை வேளாண் பொறியியல் துறை வெளியிட்டிருப்பது நல்ல காரியம். தரகரின் கையில் மட்டும் இருந்த எண் எல்லோர் கைக்கும் வந்தது. அத்துடன், எந்த வாரம் எந்த வட்டாரத்தில் வண்டி காலியாக இருக்கும் என்பதை உரிமையாளரே பதிவிட ஒரு கட்டமும், குறைந்தது பத்து ஏக்கர் சேர்ந்தால் குழுவாகப் பதிவு செய்ய ஒரு கட்டமும் சேர்க்க வேண்டும். உத்திரமேரூர் வட்டாரத்தில் சொர்ணவாரிக்கு விதை ஊறப்போடும் முன் இதைச் செய்ய முடிந்தால், நடவு இயந்திரக்காரர்களுக்கும் இந்த முறையாவது மூன்று வாரம் மிச்சம் கிடைக்கும்.