மக்ரோனியில் ஒளிந்திருக்கும் காய்கறி

காய்கறி என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பெற்றோர் கையாளும் ஒரு தந்திரம் உண்டு. பரங்கிக்காயையோ காலிஃபிளவரையோ வேகவைத்துக் கூழாக அரைத்து, சீஸ் எனப்படும் பாலாடைக்கட்டியுடன் கலந்து, மக்ரோனியின்மீது ஊற்றிவிடுவார்கள். உள்ளே காய்கறி இருப்பதை அறியாத பிள்ளை தட்டைக் காலி செய்துவிடும். அம்மாவும் நிம்மதி அடைவார். இந்தத் தந்திரம் உண்மையில் பயன் தருகிறதா? அந்த ஒரு வேளைக்குப் பயன் தருகிறது. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மக்ரோனி என்றதும் பெரியவர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது, கோழித் துண்டுகளும் பொரித்த வெங்காயமும் மிதக்கும் மலாய்க் கடைச் சூப்தான். பாலாடைக்கட்டி சேர்த்த மக்ரோனியோ அமெரிக்காவிலும் கனடாவிலும் அன்றாட உணவாக வேரூன்றியது. 1937ஆம் ஆண்டு கிராஃப்ட் நிறுவனம் அதைப் பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. பொருளியல் மந்தம் மக்களை வாட்டிய காலம் அது. 19 காசுக்கு வாங்கிய ஒரு பெட்டியில் நால்வர் பசியாற முடிந்தது. இன்று நம் பேரங்காடிகளிலும் அத்தகைய பெட்டிகள் கிடைக்கின்றன. பள்ளி முடிந்து பசியோடு வீடு திரும்பும் மாணவர்கள் தாங்களே செய்துகொள்ளும் உணவுகளுள் இதுவும் ஒன்றாகிவிட்டது.

இந்த உணவில் உள்ள சிக்கலை ஓர் எளிய கணக்கு காட்டிவிடும். செடார் வகைப் பாலாடைக்கட்டி 100 கிராமில் ஏறத்தாழ 400 கலோரியும் 33 கிராம் கொழுப்பும் உள்ளன. நால்வருக்குச் சமைக்கும்போது 240 கிராம் செடார் சேர்த்தால், அதிலிருந்து மட்டும் ஒவ்வொருவருக்கும் 240 கலோரி கிடைக்கிறது. மக்ரோனி, வெண்ணெய், பால் ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை. சுகாதார மேம்பாட்டு வாரியம் தட்டில் பாதியைக் காய்கறிகளும் பழங்களும் நிரப்பவேண்டும் என்கிறது. மலேசியாவில் 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சொல்வதும் அதையே. வழக்கமான மக்ரோனித் தட்டிலோ காய்கறிக்கு இடமே இல்லை.

இதற்குக் கொழுப்பு குறைந்த பாலாடைக்கட்டியை வாங்குவதே தீர்வு என்று பலர் எண்ணுகின்றனர். அது அவ்வளவு நல்ல தீர்வன்று. கொழுப்பு குறையும்போது பாலாடைக்கட்டியிலுள்ள புரதம் இறுகிக்கொள்கிறது. அதனால் அது சரியாக உருகாமல் ரப்பர்போல் திரளும், சுவையும் மங்கும். மாறாக, நெடுநாள் பதப்படுத்திய, காரமான மணமுள்ள செடாரைப் பாதி அளவில் சேர்ப்பதே மேல். 120 கிராம் போதும். அரைத் தேக்கரண்டி கடுகு விழுதும் சிறிது மிளகுத் தூளும் அதன் சுவையை எடுத்துக்காட்டும். செடாரிலேயே உப்பு மிகுதி என்பதால் தனியாக உப்புப் போடத் தேவையில்லை.

மீதி வேலையைக் காய்கறிகள் செய்யும். 200 கிராம் பரங்கிக்காயை ஆவியில் வேகவைத்து மசித்துக்கொள்ளவேண்டும். 300 மில்லிலிட்டர் கொழுப்பு குறைந்த பால் ஆறியிருக்கும்போதே அதில் ஒன்றரை மேசைக்கரண்டி சோளமாவைக் கரைத்து, மிதமான தீயில் கெட்டியாகும்வரை கிளறவேண்டும். பிறகு பரங்கிக்காயைச் சேர்த்து, அடுப்பை அணைத்துவிட்டு, துருவிய செடாரைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கவேண்டும். அடுப்பை அணைக்கும் அந்தப் படியைப் பலர் தவறவிடுகின்றனர். கொதிக்கும் பாலில் பாலாடைக்கட்டியைப் போட்டால் அதன் புரதம் சுருங்கி, கொழுப்பு தனியே பிரிந்து மிதக்கும். சோளமாவிலுள்ள மாவுச்சத்து அவ்வாறு பிரியாமல் தடுக்க உதவுகிறது. 200 கிராம் மக்ரோனியை வேறொரு பாத்திரத்தில் வேகவைக்கும்போது, கடைசி 3 நிமிடங்களில் 300 கிராம் காலிஃபிளவர், புரோக்கோலித் துண்டுகளை அதே தண்ணீரில் போட்டுவிடலாம். கழுவவேண்டிய பாத்திரம் ஒன்று குறையும். வடிக்குமுன் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துவைத்தால், கலவை இறுகும்போது சேர்த்துத் தளர்த்திக்கொள்ளலாம்.

இங்கே பரங்கிக்காய் அரைபட்டுத்தானே போகிறது என்று கேட்கலாம். ஆம், அரைபடுகிறது. ஆனால், அது ஒளிந்துகொள்வதற்காக அரைபடவில்லை. நிறமும் திண்மையும் லேசான இனிப்பும் தருவதற்காக அரைபடுகிறது. பருப்புச் சாம்பாரில் கரைந்துபோகும் பரங்கிக்காயை யாரும் தந்திரம் என்று சொல்வதில்லை. காலிஃபிளவரும் புரோக்கோலியும் தட்டில் முழுதாகவே தெரிகின்றன. உண்பவருக்கு என்ன உண்கிறோம் என்பது தெரியவேண்டும்.

ஒளித்துவைப்பதை ஆதரிப்போரிடமும் வலுவான சான்று உண்டு. 2015ஆம் ஆண்டு இறுதியில் கிராஃப்ட் நிறுவனம் அமெரிக்காவில் தன் மக்ரோனிப் பெட்டியிலிருந்த செயற்கை மஞ்சள் நிறமூட்டிகளை நீக்கி, மஞ்சள், மிளகாய்ப்பழத் தூள் போன்ற இயற்கைப் பொருள்களைச் சேர்த்தது. பொருள் பட்டியலில் மாற்றம் அச்சிடப்பட்டிருந்தாலும், அதை விளம்பரப்படுத்தவில்லை. 5 கோடிக்கும் அதிகமான பெட்டிகள் விற்ற பின்னரே, 2016இல் அதைப் பெரிதாக அறிவித்தது. மாற்றிய வேளையிலேயே விளம்பரப்படுத்தியிருந்தால் சுவை மாறிவிட்டதாகப் பலர் குறைகூறியிருக்கக்கூடும். விளம்பரப்படுத்தாமல் செய்வது சில வேளைகளில் பலிக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால், நிறமூட்டியை மாற்றிய நிறுவனம் யாருக்கும் எதையும் கற்பிக்க முயலவில்லை. வீட்டின் நோக்கம் வேறு. பிள்ளை ஒருநாள் உணவங்காடியில் தனியாக நின்று, தன் காசில், தனக்குப் பிடித்ததை வாங்கும். அப்போது காய்கறியின் சுவையே நாக்குக்குப் பழகியிராவிட்டால், அம்மா அரைத்துக் கலந்த கூழெல்லாம் எப்படி உதவும்? அதைவிடக் கவலைக்குரியது, தந்திரம் வெளிப்படும் நாள். அதன்பின் பிடித்த உணவையும் பிள்ளை சந்தேகத்தோடு கிளறிப் பார்க்கத் தொடங்கும்.

மூன்று வயதுக் குழந்தையின் நிலை வேறாக இருக்கலாம். சில குழந்தைகளுக்குக் காய்கறியின் மணமோ மென்மையோ உண்மையிலேயே ஒவ்வாது. அவர்களைக் கட்டாயப்படுத்துவதைவிட அரைத்துக் கொடுப்பது மேல். ஆனால், 13, 14 வயது மாணவருக்கு அந்தச் சலுகை தேவையில்லை. அவர் கத்தியைப் பாதுகாப்பாகப் பிடிக்கத் தெரிந்தவர். அவரையே சமைக்க விட்டால் என்ன?

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பாலாடைக்கட்டியைப் பாதியாகக் குறைக்கும்போது கால்சியமும் குறைகிறது. 100 கிராம் செடாரில் ஏறத்தாழ 700 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அப்படியானால் ஒவ்வொருவருக்கும் சுமார் 210 மில்லிகிராம் இழப்பு. எலும்பு வளரும் வயதில் இது சிறிய அளவன்று. எனினும், 200 மில்லிலிட்டர் பால் அதை ஈடுகட்டிவிடும். பால் ஒவ்வாதவர்கள் கால்சியம் சேர்த்த சோயாப் பாலைக் குடிக்கலாம்.

முதல் முறை சமைக்கும்போது காலிஃபிளவர் குழைந்துபோகலாம். தங்கை அதைப் பொறுக்கியெடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கலாம். ஒதுக்கட்டும். அடுத்த முறை 3 நிமிடத்திற்குப் பதிலாக 2 நிமிடத்தில் வடித்துப் பார்க்கலாம். அல்லது காலிஃபிளவரை விட்டுவிட்டுச் சோளத்தையும் பட்டாணியையும் சேர்க்கலாம். எந்தக் காய் வேண்டும் என்பதைத் தங்கையிடமே கேட்டுவிடுவது இன்னும் எளிது.