புகையும் நெருப்பும்

மலையில் புகையைக் கண்டவன் அங்கே நெருப்பு உண்டென்று அனுமானிக்கலாம் என்பது தர்க்க சாஸ்திரத்தின் பாலபாடம்; ஆனால், எரிவது குடிசையா அடுப்பா என்பதைப் புகை சொல்லாது என்பதையும் கூடவே படித்தால்தான் அப்பாடம் பூர்த்தியாகும். பக்கவாதம் கண்டவரின் இரத்தத்தில் அழற்சியை அளக்கும் சி.ஆர்.பி. பரிசோதனையும் அத்தகைய புகையே.

1930-ல் நியூயார்க் ராக்பெல்லர் நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறிந்த சி.ஆர்.பி. என்னும் இந்தப் புரதம், உடம்பின் எந்த மூலையில் அழற்சி மூண்டாலும் கல்லீரலில் உற்பத்தியாவது. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலும் அதன் அளவு ஏறும். படுக்கையில் விழுந்தவருக்கு நெஞ்சில் சளி கட்டினாலும், சிறுநீர்த் தாரையில் கிருமி சேர்ந்தாலும் ஏறும். இந்த அளவு மிகுந்தவர்களில் பலர் பிற்பாடு சீர்கெடுவது மெய்யே. ஆயினும், உடன் நிற்பதையெல்லாம் காரணமென்று கொள்ளுதல் விவேகமாகாது.

சீனத்தில் நடந்து 2024-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்குத் தக்க திருஷ்டாந்தம். லேசான பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ கண்டு, சி.ஆர்.பி. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையாதிருந்த 8,343 பேரைத் தெரிந்தெடுத்து, நம் செங்காந்தளிலும் உள்ள கால்சிசின் என்னும் அழற்சி தணிக்கும் மருந்தைப் பாதிப்பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்துக்குள் மறுபடி பக்கவாதம் கண்டவர்கள், மருந்துண்டோரில் நூற்றுக்கு 6.3, உண்ணாதோரில் 6.5, சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை.

இதனால் இப்பரிசோதனை வீண் என்பது என் அபிப்பிராயமன்று. காய்ச்சல் தொடரும்போதும், இருதய வால்விலே தொற்றோ முதியவரின் தமனியில் அழற்சியோ மூலகாரணமாக இருக்கலாமென்று வைத்தியர் சந்தேகிக்கும்போதும், அது நல்ல சாட்சி. ஆனால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசரத்தில், தலை ஸ்கேனும் சர்க்கரை அளவுமே இன்றியமையாதவை. அழற்சிக் கணக்குக்காக ஒரு நிமிஷமும் காத்திருத்தல் தகாது.

ஆகவே, நோயாளியின் உறவினர் கேட்கவேண்டிய கேள்வி, அளவு எவ்வளவு என்பதன்று. அதனால் சிகிச்சை மாறுமா என்பதே. வாய் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறினால், அது தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே விரையுங்கள்.