வியாசரும் வியாசர்பாடியும்

'சேரி பாஷை' என்று முகம் சுளிக்கிறவர்கள் பாஷையைச் சொல்லவில்லை, நம்மைச் சொல்கிறார்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் 1989 வன்கொடுமைச் சட்டம் இருக்கிறது. 'லோக்கல்' என்று திட்டினால் எந்தச் சட்டமும் இல்லை.

சென்னைப் பேச்சு கெட்டுப்போன தமிழாம்! துறைமுகத்தில் மூட்டை தூக்கி, மில்லில் தறி ஓட்டி, தெலுங்குக்காரரும் உருது பேசும் முஸ்லிமும் நம்ம சனமும் ஒரே தெருவில் புழங்கி வளர்த்த பேச்சு அது. நைனா தெலுங்கு. நாஸ்டா, பேஜார், கலீஜ், பேமானி உருது வழி வந்தவை. துட்டு டச்சுக் காசு. கஸ்மாலம்? சமஸ்கிருதம். கீதையில் கிருஷ்ணன் அர்ச்சுனனைக் கண்டிக்கிற இடத்தில் வருகிற சொல். வியாசர் சொன்னால் தத்துவம், வியாசர்பாடி சொன்னால் அசிங்கமா?

வெளிநாட்டிலும் இதே கதைதான். பெர்லினில் துருக்கி, அரபு, ஜெர்மன் பிள்ளைகள் சேர்ந்து வளரும் தெருக்களின் பேச்சு 'கீட்ஸ்டாய்ச்'. அது கொச்சையல்ல, ஜெர்மனின் இன்னொரு வட்டார வழக்கு என்று 2012இல் ஹைக்க வீஸ என்ற மொழியியலாளர் புத்தகம் எழுதினார். வசைக் கடிதங்கள் வந்தன. 2013இல் தெற்கு லண்டன் பள்ளி ஒன்று 'இன்னிட்', 'எய்ன்ட்' போன்ற சொற்களைத் தடை செய்து பலகை வைத்தது. அங்கே இனமும் நிறமும், இங்கே சாதி.

'கெத்து' 2016இலும் 'மெர்சல்' 2017இலும் சினிமாத் தலைப்பாயின. அப்போது அது ஸ்டைல். அந்தச் சொல்லைப் புழங்குகிற பையன் இன்டர்வியூவில் வாய் திறந்தால் 'கம்யூனிகேஷன் பத்தாது'. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறேன். கூட்டாளியோடு மழையாய்ப் பேசிக்கொண்டு வரிசையில் நிற்கிறவன், கண்ணாடிக்கு முன்னால் வந்ததும் ஊமையாகிறான். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று முகவரி சொல்லவும் தயங்குகிறான். நகரத்தை விட்டுத் தூக்கிப் போட்டது போதாதென்று, பேச்சையும் போட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள்.

தோழர்களே, நம்ம மேடை மட்டும் என்ன வாழுது? பாமாவின் 'கருக்கு' 1992லேயே சேரிப் பேச்சை எழுத்தாக்கியது. 2018இல் தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' சிந்தாதிரிப்பேட்டையை நாவலாக்கியது. கூட்டத்தில் மட்டும், கொடி கட்டப் பேட்டைப் பையன், மைக் பிடிக்க 'அவர்களே இவர்களே' தமிழ். அவன் பேச எழுந்தால், 'தம்பி, நல்ல தமிழ்ல பேசு' என்று காதைக் கடிக்கிறார்கள்.

அந்தப் பேச்சில் பெண்ணை இழிவு பண்ணுகிற வசவும் இருக்கு. அதை நாமதான் சண்டை போட்டு ஒழிக்கணும். செந்தமிழில் மட்டும் அது இல்லையா என்ன?

பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் வேணும், எழுத்துத் தமிழும் வேணும். அதுக்கு விலையா ஆத்தா வாய்ப் பேச்சைக் கேட்காதீங்க. அடுத்த கூட்டத்துல மைக்கை அவன்கிட்ட குடுங்க. 'இன்னா'ன்னே ஆரம்பிக்கட்டும்.