வளையத்துக்கு எட்டிய உயரம்

பெண்பிள்ளை நெடுநெடுவென வளர்ந்தால், மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று எங்கள் புளியங்கூடலிலும் பெருமூச்சு விடுவார்கள். ஈவினைப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குலம் வளர்ந்தார்.

வலைப்பந்தாட்ட வளையம் இருப்பது 10 அடி உயரத்தில். பந்து வைத்திருப்பவரை மறிப்பவர் சற்றுத் தள்ளியே நிற்கவேண்டும். உயர எறிந்த பந்தைத் தர்ஜினி பிடித்துவிட்டால் பிறகு யார் தடுப்பது? ஆனால் தோழிகளே, உயரம் தானாகக் கோல் போடாது. கையும் கண்ணும் பழகவேண்டும்.

2009இல் அவர் ஆடிய இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றது. 2011 சிங்கப்பூர் உலகப் போட்டியில் சிறந்த கோல் போடுபவர் என்று பெயரெடுத்தார். அவுஸ்திரேலியக் கழகத்துக்கும் ஆடினார். 2018 ஆசிய இறுதியாட்டத்தில் இலங்கை சிங்கப்பூரை 69–50 என்று வென்றபோது, நாற்பதை நெருங்கிய தர்ஜினிதான் வளையத்தடியில் நின்றார்.