நான்-வெஜ்ஜுக்குத் தனி ஜார் வேணுமா சார்?

போன மாதம் எங்கள் வீட்டு மிக்ஸி நின்றுபோனது. அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸிதான். கார்பன் பிரஷ் இரண்டு முறை, அடியிலிருக்கும் கப்ளர் ஒரு முறை மாற்றி, பத்து வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம். இந்த முறை காயில் எரிந்த நாற்றம் வாசல் வரை வந்தது. "காயில் கட்டுற காசோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வந்துடும்" என்று கைவிரித்துவிட்டார் பழுது பார்க்கும் அண்ணன்.

புதியது வாங்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். மூன்று இரவுகள் போனும் கையுமாக 500 வாட்டா, 750 வாட்டா, ஜார் மூன்றா நான்கா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் அரைக்கிற அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது கடைக்குக் கிளம்பும்போதுதான் உறைத்தது. கேட்டேன். வாட் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை. "மூடியப் பிடிச்சிக்கினே நிக்கணுமான்னு பாரு. பெரிய ஜார் தூக்கினா மணிக்கட்டு வலிக்குது. அவ்ளோதான்."

சாதி ஒழிப்பு, பெண் விடுதலை என்று பேசுகிற மகன், அந்த ஜாரை இதுவரை எத்தனை முறை தூக்கியிருப்பேன் என்று எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

வாட் கணக்கும் வீண் இல்லை, தோழர்களே. மேற்கில் செய்த பிளெண்டர்கள் பாலும் பழமும் கலக்கச் செய்தவை. காய்ந்த மிளகாயும் தேங்காயும் போட்டால் திணறும். 1960களில் பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், மனைவி மாதுரியின் வெளிநாட்டுக் கருவி பழுதான பிறகுதான் நம் மசாலாவுக்குத் தாங்கும் மோட்டாரோடு 'சுமீத்' மிக்ஸியை உருவாக்கினார். மூன்று நான்கு பேர் வீட்டுச் சட்னிக்கு 500 வாட் போதும். மஞ்சள், மல்லி, மிளகாய் எல்லாம் வீட்டிலேயே அரைப்பவர்களுக்கு 750 நல்லது. சூடேறினால் தானே நின்றுவிடும் ஓவர்லோட் பட்டன் அடியில் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் 750 வாட் ஒன்றை எடுத்து வைத்தார் விற்பனையாளர் தம்பி. பில் போடப் போகும்போது கேட்டார்: "சார், நான்-வெஜ்ஜுக்குத் தனி ஜார் வேணுமா? நிறைய பேர் எக்ஸ்ட்ரா ஒண்ணு வாங்கிப்பாங்க. வெள்ளி, செவ்வாய் கலந்துடாது பாருங்க."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்கிறவர்கள் இருப்பதால் விற்கிறார். கருவாட்டு வாசனை ஜாரில் ஒட்டும் என்பதும் உண்மைதான். ஆனால் அது ஒட்டுவது மூடியின் ரப்பர் வாஷரில். கழற்றி சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். கழுவினாலும் போகாத ஏதோ ஒன்றுக்காகத்தானே தனி ஜார்?

எனக்கு ஆயா நினைவு வந்தது. அம்மாவைப் பெற்றவர். ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீட்டுக்கு நெல் குத்தவும் மிளகாய் இடிக்கவும் போய்வந்தவர். உரல் கிடந்தது மாட்டுக்கொட்டகை ஓரத்தில். ஒரு பொழுது முழுக்க மிளகாய் இடித்தால் இரவு கை எரிச்சலில் தூக்கம் வராதாம். மோரில் கை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். தூளை முறத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும், அந்த வீட்டம்மா வந்து எடுத்துக்கொள்வார். அதே வீட்டுப் பின்கட்டில் அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தன. அவற்றின் கிட்டேகூட ஆயா போனதில்லை. "காஞ்சத தொடலாம், ஈரத்த தொடக்கூடாது" என்பார், ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோல.

நெல்லும் மிளகாயும் உலர்ந்திருக்கும்வரை எங்கள் கைக்குத் தீட்டு இல்லை. தண்ணீர் பட்டு, மாவாகி, விழுதாகிவிட்டால் தீட்டு வந்துவிடும். கையை எரிக்கிற வேலை எங்களுக்கு, அதன் ருசி அவர்களுக்கு என்று இத்தனை நுணுக்கமாகக் கோடு கிழித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே ஆட்டுக்கல்லைச் சுற்றியது யார்? அந்த வீட்டுப் பெண்கள்தான். திண்ணையில் இருந்த ஆண்கள் இரண்டு பக்கத்து உழைப்பையும் தட்டில் வாங்கித் தின்றார்கள். (நாமும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. சுயமரியாதைத் திருமணத்தில் அம்மி மிதிப்பதை ஒழித்தோம். மறுநாள் காலை சட்னி அரைத்தது யார் என்று கேட்டோமா?)

இதனால்தான் 'அம்மியில அரைச்ச ருசி வருமா' என்று யாராவது உருகும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. ருசி வந்திருக்கும். யார் தோள்பட்டையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2011 செப்டம்பரில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது 'இலவசம் கொடுத்துச் சோம்பேறி ஆக்குகிறார்கள்' என்று கேலி செய்தவர்கள் வீடுகளில் அதற்கு முப்பது வருடம் முன்பே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. வழக்கும் நடந்தது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்தக் கட்சி கொடுத்தது, ஓட்டுக்காகவா என்றெல்லாம் வாதிடலாம். எனக்கும் அந்தக் கட்சியோடு ஆயிரம் முரண்பாடு உண்டு. ஆனால் எங்கள் காலனியில் வரிசையாக வீட்டுக்கு வீடு மிக்ஸி சத்தம் கேட்ட அந்த முதல் வாரம், கூலிவேலைக்குப் போகும் முன் அம்மிக்குக் குனிந்த பெண்களுக்கு அரைமணி நேரம் மிச்சமானது. அந்த அரைமணி நேரத்தை ஒருபோதும் இழக்காதவர்கள்தான் அதைச் சோம்பல் என்றார்கள்.

"வேண்டாம் தம்பி, எங்க வீட்ல எல்லாத்துக்கும் ஒரே ஜார்தான்" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. பக்கத்தில் குக்கர் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

கைப்பிடி அகலமான ஜார், இரண்டு பக்கமும் கிளிப் போட்டு மூடும் மூடி. 3,800 ரூபாய் ஆனது. வெள்ளிக்கிழமை கருவாட்டுக் குழம்புக்கு அதில்தான் தேங்காய் அரைத்தோம். மறுநாள் அதே ஜாரில் பொட்டுக்கடலைச் சட்னி. அன்று அரைத்தது நான். தண்ணீர் அதிகமாகிவிட்டது, அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். ஞாயிறு அன்று அவர் அரைக்கும்போது பார்த்தேன். கிளிப் போட்டு மூடியிருந்தும் கை தானாக மூடிமேல் போய் அழுத்திக்கொண்டிருந்தது. "விடும்மா, அதுவே நிக்கும்" என்றேன்.

எடுத்தார். திரும்பவும் வைத்துக்கொண்டார்.